கருப்புப் பக்கம்தான் அதிகம், ஆனால் கலர் டிரம் முன்னாடி தீருது. கவுண்டர் எதை எண்ணுது?

#1 நீலமை

ஏ3 கலர் காப்பியர், நாலு டிரம் (டோனர் படம் உருவாகும் ஒளியுணர் உருளை) வரிசையாக நிற்கும் வகை. டிரம் நாலும் மெஷினோடு வந்தவை, இதுவரை எதையும் மாற்றவில்லை. சர்வீஸ் மோடில் (பழுது பார்ப்பவருக்கான தனி மெனு) எடுத்த கணக்கு இது:

மொத்தப் பக்கம் 62,000. கலர் 14,000, கருப்பு 48,000.
கருப்பு டிரம்: ஓடியது 3,36,000 சுற்று, வரம்பு 6,00,000. திரையில் மீதி 44%.
சயான், மெஜந்தா, மஞ்சள்: ஒவ்வொன்றும் 3,10,000 சுற்று, வரம்பு 4,50,000. திரையில் மீதி 31%.

கலர் பக்கம் கால்வாசிகூட இல்லை. அப்படியிருக்க கலர் டிரம் எப்படி முந்துகிறது? சென்சார் தப்பாகக் காட்டுகிறதா?

#2 டிரம்_கணக்கு

சென்சார் தப்பில்லை. டிரம் தேய்மானத்தைத் தொட்டு அளக்கிற சென்சார் என்று அங்கே ஒன்றும் கிடையாது. திரையில் தெரியும் சதவீதம் ஒரு பற்று வரவுக் கணக்கு. ஓடிய சுற்றை வரம்பால் வகுத்து நூறிலிருந்து கழிக்கிறார்கள். 336ஐ 600ஆல் வகுத்தால் 56%, மீதி 44. 310ஐ 450ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 69%, மீதி 31. உங்கள் மெஷின் தன் கணக்கைச் சரியாகவே எழுதுகிறது.

பக்கத்தை எண்ணாமல் சுற்றை ஏன் எண்ணுகிறார்கள்? டிரம்மைத் தேய்ப்பது பேப்பர் இல்லை. மிச்ச டோனரை வழிக்கும் பிளேடு உரசுவதும், டிரம்முக்கு மின்னூட்டம் ஏற்றும் சார்ஜ் ரோலரின் மின்னிறக்கம் மேற்பரப்பை அரிப்பதும்தான். இரண்டுமே டிரம் சுற்றும் நேரமெல்லாம் நடக்கும், பக்கம் போனாலும் போகாவிட்டாலும்.

ஒரு மாதிரிக் கணக்கு. 30 மி.மீ. விட்டமுள்ள டிரம்மின் சுற்றளவு 94.2 மி.மீ. ஏ4 தாள் நீளப் பக்கம் முன்னால் வரும்படி போனால் ஒரு பக்கத்துக்கு 210 மி.மீ. ஓட்டம். இரண்டு தாளுக்கு இடைவெளி 60 மி.மீ. என்று வையுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் முன்னோட்டம் 4 விநாடி, பின்னோட்டம் 3 விநாடி, வேகம் விநாடிக்கு 200 மி.மீ. என்றால் அந்த வெறும் ஓட்டம் மட்டும் 1,400 மி.மீ.

ஒரே பக்க வேலை: 1,400 + 210 = 1,610 மி.மீ., அதாவது 17 சுற்று.
பத்துப் பக்க வேலை: 1,400 + 2,100 + 540 = 4,040 மி.மீ. பக்கத்துக்கு 404 மி.மீ., சுமார் 4.3 சுற்று.

அதே ஒரு பக்கம், டிரம்முக்கு நாலு மடங்கு செலவு. உங்கள் கருப்பு டிரம் பக்கத்துக்கு 5.4 சுற்று ஓடியிருக்கிறது. இந்த மாதிரி அளவுகளில் வைத்துப் பார்த்தால் சராசரி வேலை ஐந்தாறு பக்கம். விளம்பரத் தாளில் போடும் பக்க ஆயுளுக்குப் பக்கத்தில் 'ஒரு வேலைக்கு இத்தனை பக்கம்' என்று பொடி எழுத்தில் இருக்கும், பலரும் அதைப் படிப்பதில்லை.

ஆனால் நீங்கள் கேட்டதற்கு இது பாதிப் பதில்தான். கலர் டிரம்முக்கு வரம்பே குறைவு, அதனால் சதவீதம் வேகமாக இறங்கும். மீதிப் பாதி என்னவென்றால், கலர் டிரம் கருப்பு ஓடியதில் 92% ஓடியிருக்கிறது. 48,000 கருப்புப் பக்கத்தில் பெரும்பாலானவற்றுக்கும் கலர் மூன்றும் சேர்ந்தே சுற்றியிருக்கின்றன. அது ஏன் என்று தேடுங்கள்.

#3 சர்வீஸ்_கரம்

மேலே சொன்னதுதான் விஷயம். கருப்பு மட்டும் அடிக்கும்போது பெல்ட்டை (டிரம்ல இருந்து படத்தை வாங்கித் தாளுக்கு மாத்துற பட்டை) கலர் டிரம்கள்ல இருந்து விலக்கி, அந்த மூணையும் நிறுத்தி வைக்கிற ஏற்பாடு பெரும்பாலான ஏ3 மெஷின்ல உண்டு. சின்ன மேசை மாடல் சிலதுல அது கிடையாது, நாலும் ஒரே மோட்டார்ல சுத்தும். உங்களுக்கு சர்வீஸ் மோடுல தனித்தனி சுற்றுக் கணக்கு வேற வேறயா வருது, அதனால விலக்குற வசதி இருக்கு. பயன்படலை, அவ்வளவுதான்.

காரணம் பார்க்குற வரிசை இது.

முதல்ல கம்ப்யூட்டர்ல இருக்குற பிரிண்டர் டிரைவர். கலர் 'ஆட்டோ'னு இருந்தா, ஒரு பக்கத்துல நீல நிற இணைப்பு வரி ஒண்ணு இருந்தாலே போதும். வேலை கலரா ஆரம்பிச்சிடும்.

அடுத்தது கலப்பு வேலை. முதல் பக்கம் கலர், அடுத்த ஒன்பது கருப்புன்னா, நடுவுல பெல்ட்டை விலக்கி மறுபடி சேர்க்க நேரம் பிடிக்கும். அதனால மெஷின் கலர் நிலையிலேயே கடைசி வரை ஓடிடும். பில்லிங் கவுண்டர் அந்த ஒன்பதையும் கருப்புன்னுதான் எழுதும், டிரம் கவுண்டர் பத்தையும் கலரா எழுதும். ரெண்டும் முரண்படுற மாதிரி தெரியுறது இதனாலதான். இந்த மாறும் நடத்தைக்கு சர்வீஸ் மோடுல தனி அமைப்பு உண்டு, வேகம் முக்கியமா டிரம் ஆயுள் முக்கியமான்னு கேட்கும்.

மூணாவது, ஸ்கேன் பண்ணி காப்பி எடுக்குறது. மஞ்சளிச்ச பழைய தாளை ஆட்டோல வச்சா கலர்னு எடுத்துக்கும். ஆட்டோ கலர் கண்டறியும் அளவை கருப்புப் பக்கமா ரெண்டு படி நகர்த்துங்க.

நாலாவது காலிபிரேஷன். கரண்ட் போட்டதும், தூக்கத்துல இருந்து எழுந்ததும், இத்தனை பக்கத்துக்கு ஒரு தடவைன்னும் நாலு நிறத்தையும் ஓட்டி அடர்த்தி, நிறப் பொருத்தம் பார்க்கும். இதைக் குறைக்கப் போகாதீங்க, வேணும்னா ராத்திரி மெயின் ஸ்விட்சை அணைக்கிற பழக்கத்தை நிறுத்துங்க. அணைச்சு அணைச்சுப் போட்டா ஒவ்வொரு காலையும் முழுச் சுற்றுக் காலிபிரேஷன்.

சோதிக்க அஞ்சு நிமிஷம் போதும். நாலு டிரம் கவுண்டரையும் குறிச்சுக்கோங்க. முதல் பக்கத்துல மட்டும் கலர் லோகோ உள்ள 10 பக்கக் கோப்பை ஆட்டோல அடிங்க, திரும்பக் குறிங்க. அதையே டிரைவர்ல 'கருப்பு வெள்ளை' வச்சு அடிங்க, மறுபடி குறிங்க.

#4 அளவுகோல்

'தொட்டு அளக்கிற சென்சார் ஒன்றும் கிடையாது' என்பது வரை சரி. அதிலிருந்து 'மெஷினுக்கு எதுவும் தெரியாது, வெறும் எண்ணிக்கைதான்' என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மறைமுகமாக அளக்கும் இடங்கள் பல உண்டு.

டிரம்மின் மேல் படலம் 20 முதல் 30 மைக்ரான் தடிமன். அது தேயத் தேய மின்தேக்குத் திறன் கூடும். அதே மேற்பரப்பு வோல்ட்டேஜுக்கு ஏற்ற அதிக மின்னூட்டம் தேவைப்படும், அதனால் சார்ஜ் ரோலர் இழுக்கும் மின்னோட்டம் உயரும். அதை அளந்து படலத் தடிமனைக் கணிக்கும் மெஷின்கள் இருக்கின்றன. ஏசி சேர்த்து சார்ஜ் செய்யும் வகைகளில் தேய்மானம் கூடுதல். ஆகவே சார்ஜ் போட்ட நேரத்தையும், சார்ஜ் இல்லாமல் வெறுமனே சுற்றிய நேரத்தையும் தனித்தனி எடை கொடுத்துக் கூட்டுகிறார்கள். பச்சைச் சுற்று எண்ணிக்கை எல்லா மெஷினிலும் அப்படியே சதவீதமாக மாறாது. உங்களுடையதில் மாறுகிறது என்றால் அது எளிய கணக்கு வைக்கும் வகை.

பெல்ட் மேல் பார்க்கும் அடர்த்தி சென்சாரையும் சேர்க்க வேண்டும். சிறு நிறக் கட்டங்களைப் பெல்ட்டில் அடித்து ஒளியால் படிக்கும். கருப்பை நேர்ப் பிரதிபலிப்பிலும் மற்ற மூன்றைச் சிதறிய ஒளியிலும் படிப்பது வழக்கம், கருப்பு டோனர் ஒளியைச் சிதறவிடாது என்பதால். வந்த அளவை வைத்து சார்ஜ் வோல்ட்டேஜ், டெவலப்பிங் பயஸ் (டோனரை டிரம்முக்குத் தள்ளும் வோல்ட்டேஜ்), லேசர் சக்தி மூன்றையும் திருத்தும். இந்தத் திருத்த மதிப்புகள் எல்லையில் போய் முட்டுகின்றனவா என்பதுதான் என்னைக் கேட்டால் சதவீதத்தைவிட நம்பத்தக்க அடையாளம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. வெறும் பெல்ட்டைப் படித்த அளவுதான் அந்த சென்சாருக்கு அடிப்படை. பெல்ட் பளபளப்பு இழந்தால் சென்சார் விளக்கின் மின்னோட்டத்தை ஏற்றி ஏற்றிச் சமாளிக்கும், ஒரு கட்டத்தில் முடியாது. அப்போது அடர்த்தி தவறும், பழி டிரம் மேலோ, டோனரை டிரம்முக்குக் கொண்டுபோகும் டெவலப்பர் கலவை மேலோ விழும். டிரம் 60% மீதி இருக்கும்போது நாலு நிறமும் ஒரே சமயத்தில் தள்ளாடினால் முதலில் சென்சார் கண்ணாடியைத் துடையுங்கள், பிறகு பெல்ட்டைப் பாருங்கள். நாலு டிரம்மும் ஒரே நாளில் கெடாது.

#5 நீலமை

சோதித்த கணக்கு.
ஆட்டோ, 10 பக்கம், முதல் பக்கத்தில் மட்டும் லோகோ: கருப்பு 43 சுற்று, கலர் மூன்றும் 43.
டிரைவரில் கருப்பு வெள்ளை: கருப்பு 43, கலர் 0.

பில்லிங் கவுண்டர் ஆட்டோவில் கலர் 1, கருப்பு 9 என்றுதான் ஏறியது.

கூடுதல் கேள்வி: டெவலப்பர் என்று தனியாக ஒரு சதவீதமும் ஓடுகிறது. அதுவும் சுற்றா?

#6 டிரம்_கணக்கு

43 என்றால் என் மாதிரிக் கணக்கோடு தற்செயலாக ஒட்டிப் போய்விட்டது. எல்லா மெஷினிலும் இப்படி வராது.

டெவலப்பருக்குக் கலக்கும் திருகு சுற்றிய நேரம்தான் கணக்கு, பல மாடல்களில். டோனரும் அதைச் சுமக்கும் காந்தத் துகளான கேரியரும் சேர்ந்த இரட்டைக் கலவையில் கேரியர் துகள் தீராது, ஆனால் கெடும். டோனர் ரெசின் அதன் மேல் ஒட்டிப் படிந்து மின்னூட்டம் ஏற்றும் திறனைக் குறைக்கும். அப்போது டோனர் கேரியரைப் பிடித்துக்கொண்டு நிற்காது. வெள்ளைப் பகுதியில் மங்கல் படரும், யூனிட்டைச் சுற்றித் தூள் கொட்டும்.

கவரேஜ் (பக்கத்தில் டோனர் மூடும் பரப்பு) மிகக் குறைவாக இருந்தாலும் டெவலப்பர் கெடும் என்பதைப் பலரும் நம்புவதில்லை. டோனர் வெளியேறாமல் உள்ளேயே அரைபட்டுக்கொண்டிருந்தால் அதன் மேல் பூசிய நுண்பொடி உள்ளே புதைந்து ஓட்டம் கெடும். அதனால்தான் சில மெஷின்கள் குறைந்த கவரேஜ் வேலைகளுக்குப் பிறகு தாமாகவே ஒரு பட்டை டோனரை அடித்துப் பெல்ட்டில் துடைத்துவிடும். டோனர் வீணாகிறது என்று இதை அணைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. அணைக்காதீர்கள். சில மாடல்களில் டோனர் பாட்டிலிலேயே கொஞ்சம் கேரியர் கலந்து வரும், பழையது சிறிது சிறிதாக வழிந்து வேஸ்ட் பாக்ஸுக்குப் போகும். அவற்றில் டெவலப்பர் ஆயுள் நீளம்.

டோனர் மீதி வேறு கணக்கு. புள்ளிகளை எண்ணிக் கழிப்பது ஒன்று, டோனர் ஊட்டும் மோட்டார் ஓடிய நேரம் இன்னொன்று. கடைசியில் டெவலப்பருக்குள் இருக்கும் காந்த சென்சார்தான் தீர்ப்பு சொல்லும். மோட்டார் ஓடியும் டோனர் விகிதம் ஏறவில்லை என்றால் 'காலி'. பாட்டிலை ஆட்டிப் போட்டதும் இன்னும் சில நூறு பக்கம் வருவது இதனால்தான். பெட்டியில் போடும் கலர் டோனர் பக்க எண்ணிக்கைக்கு ஐஎஸ்ஓ 19798 என்ற தரச் சோதனை இருக்கிறது, கருப்பு மட்டும் உள்ள பிரிண்டருக்கு 19752. இரண்டும் டோனருக்கானவை. டிரம் ஆயுளுக்கு அந்த எண்ணை மேற்கோள் காட்டுவது தவறு.

#7 பாதிமை

31% மீதி என்றால் தீரும்வரை ஓட்டிவிட்டு, தீர்ந்ததும் சர்வீஸ் மோடில் கவுண்டரைப் பூஜ்யம் ஆக்கிவிட்டால் என்ன? பிரிண்ட் நன்றாக இருக்கும்வரை ஓட்டலாமே.

#8 சர்வீஸ்_கரம்

ஓட்டலாம். ஆனா கவுண்டரைப் பூஜ்யம் ஆக்காம ஓட்டுங்க. அதுக்குத்தான் 'ஆயுள் முடிந்தாலும் நிறுத்தாதே'ன்னு ஒரு அமைப்பு சில மாடல்ல இருக்கு.

பூஜ்யம் பண்ணா என்ன ஆகும்னா, அந்தக் கவுண்டர் எச்சரிக்கைக்கு மட்டும் இல்லை. சார்ஜ் வோல்ட்டேஜையும் லேசர் அளவையும் டிரம் வயசுக்கு ஏத்த மாதிரி ஒரு அட்டவணை வச்சு மெஷின் மாத்திக்கிட்டே வரும். படலம் மெலிஞ்ச டிரம்முக்கு 'நீ புதுசு'ன்னு சொன்னா, புது டிரம்முக்கான வோல்ட்டேஜைப் போடும். டிசி சார்ஜ் வகைன்னா மேற்பரப்பு வோல்ட்டேஜ் தேவைக்கு மேல ஏறிடும், டெவலப்பிங் பயஸுக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி கூடி கேரியர் துகள் டிரம்முக்குத் தாவும். சாலிட் பகுதில சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளியா தெரியும். தாவின கேரியர் பிளேடுல மாட்டி டிரம்மைக் கீறும். மெலிஞ்ச படலத்துக்கு லேசர் போட்டாலும் வோல்ட்டேஜ் இறங்குறது குறைவு, அடர்த்தியும் வெளிறும். ஒரு பொய் எண், ரெண்டு பக்கமும் கெடுதல்.

கடைசி வரை ஓட்டுனா இன்னொரு ஆபத்து. படலத்துல ஊசித்துளை விழுந்தா சார்ஜ் நேரா அலுமினியக் குழாய்க்கு இறங்கும். குறுக்கே கோடு, அப்புறம் ஹை வோல்ட்டேஜ் போர்டு எர்ரர். டிரம் காசை மிச்சம் பிடிக்கப் போய் போர்டு மாத்துற நிலை.

#9 அளவுகோல்

டெவலப்பருக்கும் இதே எச்சரிக்கை, ஆனால் தலைகீழாக. புது டெவலப்பர் போட்டால் காந்த சென்சாரின் ஆரம்ப அளவைப் பதிவு செய்யும் ஓட்டத்தைக் கட்டாயம் செய்ய வேண்டும். பழைய டெவலப்பர் இருக்கும்போது அதைச் செய்யவே கூடாது. டோனர் விகிதம் தடம் மாறிய நிலையையே 'சரியான நிலை' என்று மெஷின் பிடித்துக்கொள்ளும், அதன் பிறகு எந்தக் காலிபிரேஷனும் அதை மீட்காது. ரீசெட் பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் இருப்பதால் கை தவறுவது சகஜம்.

#10 பாதிமை

சரி, ரீசெட் பேச்சை விடுகிறேன். யூனிட்டைக் கழற்றி வேறு நிறத்தோடு மாற்றிப் போட்டுச் சோதித்தால் கணக்கு குழம்புமா?

#11 டிரம்_கணக்கு

கணக்கு எங்கே எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. மூன்று வகை.

யூனிட்டிலேயே சிப் இருந்தால் கணக்கு யூனிட்டோடு நடக்கும். ஜெராக்ஸ் வட்டாரத்தில் இதை கிரம் என்பார்கள். வரிசை எண், நிறம், ஓடிய அளவு எல்லாம் அதில் இருக்கும். நிறம் பொருந்தாவிட்டால் சில மெஷின் ஓடவே மறுக்கும். சிப்பில் ஏறிய எண் இறங்காதபடி எழுதப்படும், ஆகவே அங்கே சர்வீஸ் மோடு ரீசெட்டுக்கு வேலையில்லை.

இரண்டாவது ஃபியூஸ் வகை. புது யூனிட்டில் ஒரு சிறு ஃபியூஸ் இருக்கும். மெஷின் அதைக் கண்டதும் மின்னோட்டம் விட்டு எரித்துவிட்டு, தன் போர்டில் உள்ள கவுண்டரைப் பூஜ்யம் ஆக்கும். ஃபியூஸ் எரிந்த யூனிட்டை வேறு மெஷினில் போட்டால் அந்த மெஷினின் பழைய எண்ணே தொடரும்.

மூன்றாவது, எதுவும் இல்லாமல் கையால் ரீசெட் செய்வது. கணக்கு போர்டில், இடத்துக்கு ஒன்றாக இருக்கும். சயானையும் மெஜந்தாவையும் மாற்றிப் போட்டால் எண் இடத்திலேயே நிற்கும், டிரம் இடம் மாறிவிடும். சோதித்து முடித்ததும் பழையபடி போட்டுவிடுங்கள். ரிக்கோ வகைகளில் பிஎம் (பராமரிப்பு) கவுண்டர் பக்கம், ஓட்டம் இரண்டையும் வைத்திருக்கும், எது முதலில் வரம்பைத் தொடுகிறதோ அது எச்சரிக்கை தரும். அங்கே இரண்டையும் குறித்துக்கொண்டு தொடங்குங்கள்.

மாற்றிப் போடாமலே கண்டுபிடிக்க ஒரு ஸ்கேல் போதும். கறை தாளில் எத்தனை மி.மீ.க்கு ஒரு முறை திரும்புகிறது என்று அளங்கள். 94 என்றால் 30 மி.மீ. டிரம். 38 மி.மீ.யை ஒட்டி என்றால் 12 மி.மீ. சார்ஜ் ரோலர். 126 என்றால் டோனரைத் தாளில் உருக்கி ஒட்டும் 40 மி.மீ. ஃபியூசர் ரோலர். டெவலப்பர் ஸ்லீவ் (டோனரை டிரம்முக்கு நீட்டும் உருளை) டிரம்மைவிட வேகமாகச் சுற்றுவதால் அதன் சுற்றளவை வேக விகிதத்தால் வகுக்க வேண்டும்: 16 மி.மீ. ஸ்லீவ், விகிதம் 1.6 என்றால் 31 மி.மீ. திரும்பவே திரும்பாமல் நெடுகக் கோடாக இருந்தால் பிளேடு நுனி, அல்லது லேசர் கண்ணாடி மேல் தூசு. கோடு தாளில் மெல்லியதாகவும் கூர்மையாகவும் இருந்தால் பிளேடு, வெளிறியும் அகலமாகவும் இருந்தால் கண்ணாடி. இந்த எதுவும் சதவீதத்தில் தெரியாது.

#12 வலைக்கண்

நெட்வொர்க் வழியாகக் கண்காணிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2004இல் வந்த ஆர்எஃப்சி 3805 பிரிண்டர் மிப் (பிரிண்டர் தன் நிலையை நெட்வொர்க்கில் சொல்லும் தரப் பட்டியல்) அட்டவணையில் சப்ளை மட்டம் 1.3.6.1.2.1.43.11.1.1.9 என்ற கிளையில், அதிகபட்ச அளவு 8இல், பெயர் 6இல், வகை 5இல். வகை எண் 3 டோனர், 4 வேஸ்ட் டோனர், 9 டிரம், 10 டெவலப்பர், 15 ஃபியூசர், 20 டிரான்ஸ்ஃபர் யூனிட்.

மட்டத்தை அப்படியே சதவீதமாக எடுக்காதீர்கள், கிளை 9இன் மதிப்பைக் கிளை 8இன் மதிப்பால் வகுக்க வேண்டும். மைனஸ் 2 வந்தால் 'தெரியாது', மைனஸ் 3 வந்தால் 'ஏதோ மீதி இருக்கிறது, எவ்வளவு என்று சொல்ல முடியாது'. இதைக் கவனிக்காத ஸ்கிரிப்ட் மைனஸ் 3ஐ 'தீர்ந்துவிட்டது' என்று எடுத்து நள்ளிரவில் எச்சரிக்கை அனுப்பும்.

வேஸ்ட் டோனர் பாக்ஸ் தனிக் குழப்பம். நிரம்பும் பெட்டிக்கு மட்டம் என்றால் மீதியுள்ள இடம் என்பதுதான் வரையறை. 90 என்றால் கிட்டத்தட்ட காலிப் பெட்டி. சில மெஷின் இதைத் தலைகீழாக அனுப்புகிறது, ஒரு முறை திரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஸ்கிரிப்டில் எழுதுங்கள்.

தினமும் ஒரு வாசிப்பு போதும். ஒவ்வொரு டிரம்முக்கும் 1,000 பக்கத்துக்கு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று போட்டு வையுங்கள். கலர் மூன்றின் சரிவும் சேர்ந்து திடீரென்று செங்குத்தானால் யாரோ டிரைவரை ஆட்டோவுக்கு மாற்றியிருக்கலாம்.

#13 நீலமை

டிரைவர் இயல்பு அமைப்பைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றியாயிற்று. கலர் வேண்டியவர்கள் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். கலப்பு வேலையில் விலக்கும் அமைப்பையும் டிரம் பக்கம் வைத்தாயிற்று.

கலர் டிரம் தீரும்போது மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டுமா?

#14 சர்வீஸ்_கரம்

வேண்டாம், தீர்ந்ததை மட்டும் மாத்துங்க. உங்க கணக்குல மூணுக்கும் 1,40,000 சுற்று மீதி, அநேகமா அடுத்தடுத்துதான் வரும்.

மாத்துறப்போ: கவுண்டர் ரிப்போர்ட்டை முதல்ல அடிச்சு வச்சுக்கோங்க. புது டிரம்மை உறையில இருந்து கடைசி நிமிஷம் எடுங்க, வெளிச்சத்துல வைக்காதீங்க, கழட்டி வச்ச மத்த டிரம்மையும் கருப்புத் துணி போட்டு மூடுங்க. வெளிச்சம் பட்டது லேசுன்னா இருட்டுல வச்சா மீளும், வெயில் பட்டா மீளாது. டிரம் மட்டும் தனியா மாத்துற வகைன்னா பிளேடையும் சார்ஜ் ரோலரையும் சேர்த்தே மாத்துங்க, நுனி மடிஞ்ச பழைய பிளேடு புது டிரம்மை சில ஆயிரம் பக்கத்துல கோடு போட்டுடும். பிளேடு நுனில மசகுப் பொடி தடவி, டிரம்மை ஓடுற திசையிலேயே கையால ரெண்டு சுத்து சுத்துங்க. எதிர்த் திசைல சுத்துனா பிளேடு மடங்கும். சிப் இல்லாத மாடல்னா அந்த ஒரு நிறத்துக்கு மட்டும் ரீசெட், பிறகு அடர்த்திக் காலிபிரேஷன், கடைசியா நிறப் பொருத்தம். இந்த வரிசை மாறக் கூடாது, ரீசெட்டுக்கு முன்னாடி காலிபிரேஷன் ஓட்டுனா பழைய டிரம் வயசுக்கான வோல்ட்டேஜ்லதான் அளக்கும்.

வேஸ்ட் பாக்ஸையும் அன்னைக்கே பார்த்துடுங்க. காலிபிரேஷன்ல அடிக்கிற கட்டம் எல்லாம் அங்கதான் போகுது, பாதி வழியில நிரம்பி நின்னா எல்லாத்தையும் மறுபடி ஓட்டணும்.